வாசிப்பு வட்டம் தொடங்கி ஆறு கிழமை, பிள்ளையள் குறைஞ்சுகொண்டே போகுது... என்ன செய்யலாம்?

உவர்மலைக்காரி எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். திருகோணமலை டவுனுக்குள்ள ஒரு பொம்பிளைப் பிள்ளையள் பள்ளிக்கூடத்தில ஆரம்பப் பிரிவில படிப்பிக்கிறன், எந்தப் பள்ளிக்கூடம் எண்டு சொல்லேல்ல, இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்தானே. வருசத் தொடக்கத்தில ஸ்டாஃப் மீட்டிங்கில நானே வாயைக் குடுத்து "பிள்ளையளுக்கு ஒரு வாசிப்பு வட்டம் வைப்பம்" எண்டு சொல்லிப்போட்டன், அதிபரும் "நல்லது டீச்சர், நீங்களே செய்யுங்கோ" எண்டு சொல்லி முடிச்சிட்டா. மாட்டினது அப்பிடித்தான்.

மூண்டாம், நாலாம், அஞ்சாம் ஆண்டுப் பிள்ளையள், எட்டு வயசில இருந்து பத்து வரைக்கும். வியாழக்கிழமை கடைசிப் பாடம், 40 நிமிசம், ஆனா மணி அடிக்க முதலே வான்காரர் வெளியில நிண்டு ஹோன் அடிக்கத் தொடங்கிடுவாங்க, அதால 35 எண்டு வையுங்கோ. முதல் கிழமை 26 பேர் வந்தவை. போன வியாழன் எண்ணினா 15.

நான் செய்யிறது என்னெண்டா, அலுமாரியைத் திறந்து 14 கதைப் புத்தகம் எடுத்துக்கொண்டு போறது, ஒரு கதையைத் தெரிஞ்சு ஆளுக்கொரு பக்கம் சத்தமா வாசிக்க விடுறது, முடிய கேள்வி கேக்கிறது. நல்லா வாசிக்கிற பிள்ளை செய்தி வாசிக்கிற மாதிரி கடகடவெண்டு வாசிச்சு முடிச்சிடும், அடுத்தது தட்டுத் தடுமாறும், பின்வாங்கில ரெண்டு பேர் சிரிப்பினம், மிச்சப் பேர் கதையைக் கேக்காம தங்கட பக்கம் எதெண்டு எண்ணிப் பாத்து மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கொண்டிருப்பினம். போன கிழமை வாசிச்சது, கூரையில ஏறின பூனை ஒண்டு இறங்கத் தெரியாம நிக்கிற கதை. முடிய "இந்தக் கதையில இருந்து என்ன படிச்சம்?" எண்டு கேட்டன். எல்லாம் சேந்து ஒரே குரலில "பொய் சொல்லக் கூடாது டீச்சர்!" கதையில பொய்யே இல்லை, பூனை வாயே திறக்கேல்ல. அண்டைக்கு வீட்ட போய் சிரிக்கிறதா அழுறதா எண்டு தெரியேல்ல.

இன்னொரு விசயம். நாலாம் ஆண்டில ஒரு பிள்ளை, மற்றப் பாடத்தில கெட்டிக்காரி, கணக்கு மனத்தால போடுவாள். எல்லாரும் சேந்து வாசிக்கேக்க அவளின்ட வாயும் அசையும், ஆனா மற்றப் பிள்ளையளை விட அரைச் சொல் பிந்தித்தான் அசையும். அவளின்ட முறை கிட்ட வரேக்க தண்ணி குடிக்கப் போகக் கேப்பாள். ரெண்டு கிழமை நான் கவனிக்கேல்ல, மூண்டாம் கிழமைதான் உறைச்சது. வாசிக்கத் தெரியாது எண்டு இல்லை, எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். இதை மற்றப் பிள்ளையளுக்கு முன்னால எப்பிடிச் சமாளிக்கிறது?

புத்தகத்தை வீட்ட குடுத்து விடவும் ஏலாது. ஒண்டு துலைஞ்சாலும் வருச முடிவுக் கணக்கெடுப்பில நான்தான் பதில் சொல்லோணும். முந்தி இருந்த டீச்சர் ஒராள் கைக்காசு போட்டுக் கட்டினவா எண்டு கதை. யாராவது இந்த மாதிரி நடத்தினாக்கள் இருந்தா சொல்லுங்கோ ப்ளீஸ்.


தம்பலகாமத்து டீச்சரம்மா எழுதினது:

மகள், நான் முப்பத்திரெண்டு வருசம் ஆரம்பப் பிரிவில இருந்திட்டு வந்தனான், நீங்க சொன்ன அந்த "ஆளுக்கொரு பக்கம்" வேலையை நானும் இருபது வருசத்துக்கு மேல செய்தனான், அதால ஏசுறன் எண்டு நினைக்காதேங்கோ. அதை முதல்ல நிப்பாட்டுங்கோ. அது வாசிப்பு இல்லை, பரீட்சை. பிள்ளை தன்ட பக்கத்தை மட்டும் வாசிக்குது, கதை அதுக்குக் கிடைக்கிறதில்லை.

நீங்க வாசியுங்கோ. பத்து வயசுப் பிள்ளைக்கும் ஒருத்தர் வாசிக்கக் கேக்கிறது பிடிக்கும், வளந்திட்டுது எண்டு நாங்கள்தான் நினைக்கிறம். பாயைப் போட்டு இருத்துங்கோ, வாங்கு மேசை வேண்டாம். பூனை கூரையில ஏறி நிக்கிற இடத்தில புத்தகத்தை மூடிப்போட்டு சும்மா இருங்கோ. வாயே திறக்காதேங்கோ. முதல்ல ஒருத்தியும் கதைக்கமாட்டாள், டீச்சர் அடுத்தது என்ன சொல்லப்போறா எண்டு முகத்தைப் பாப்பினம். கொஞ்சம் பொறுத்தா ஒராள் "ஏணி வைக்கலாம்" எண்பாள், இன்னொராள் "எங்கட வீட்டுப் பூனை பின்பக்கமா இறங்கும்" எண்பாள். அவ்வளவும் போதும்.

"என்ன படிச்சம்" எண்ட கேள்வியை மூட்டை கட்டி வையுங்கோ. பிள்ளையளுக்கு டீச்சர் விரும்புற பதில் எதெண்டு ஒண்டாம் ஆண்டிலேயே தெரிஞ்சிடும், பொய் சொல்லக் கூடாது, களவெடுக்கக் கூடாது, ஒற்றுமையே பலம், இந்த மூண்டில ஒண்டைச் சொன்னாத் தப்பலாம். அதுக்குப் பதிலா "ஆரில கோவம் வந்தது?", "எந்தப் படம் பொய்யாக் கிடக்கு?" எண்டு கேட்டுப் பாருங்கோ. ஒருக்கா ஒரு பிள்ளை எனக்குச் சொன்னது, "டீச்சர் இந்தப் புத்தகத்தில எல்லா அம்மாவும் அடுப்படியிலயே நிக்கினம், என்ட அம்மா ஆசுபத்திரியில வேலை செய்யிறா." அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை நாங்கள் அலுமாரியில கிடந்த எல்லாப் புத்தகத்திலயும் அம்மா என்ன செய்யிறா, அப்பா என்ன செய்யிறார் எண்டு எண்ணினதுதான் வேலை. அப்பாமார் கனபேர் கதிரையில இருந்து பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தவை.

அந்த நாலாம் ஆண்டுப் பிள்ளையைப் பற்றி. தனியா இருத்திப் படிப்பிக்காதேங்கோ, மற்றப் பிள்ளையளுக்கு விளங்கிடும். ஒண்டாம் ஆண்டுச் சின்னனுகளுக்கு வாசிச்சுக் காட்ட அக்காமார் தேவை எண்டு அறிவியுங்கோ, நாலஞ்சு பேரைத் தெரியேக்க அவளையும் தெரியுங்கோ. சின்னனுகளுக்கு வாசிக்கிறதெண்டா புத்தகமும் லேசாத்தானே இருக்கோணும், அதைப் பிடிச்சிருக்கிறதில வெக்கமில்லை. ஒரு கிழமை ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பாக்கிறதுக்கும் ஒரு காரணம் கிடைச்சிடும். திரும்ப வாசிக்க வாசிக்கத்தான் எழுத்துக் கூட்டுறது குறையும், வேற மந்திரம் ஒண்டும் எனக்குத் தெரியாது.

புத்தகம் இல்லாத கிழமையும் வட்டம் நடத்தலாம். "கோணேசர் மலையில பிளந்து கிடக்கிற இராவணன் வெட்டு எப்பிடி வந்தது எண்டு வீட்ட கேட்டுக்கொண்டு வாங்கோ" எண்டு சொல்லி விடுங்கோ. எங்கட ஊர்ப் பிள்ளையள் எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒவ்வொரு வீட்டிலயும் ஒவ்வொரு மாதிரி. தாய்க்காக மலையைப் பேத்தவன் எண்டு ஒருத்தி சொல்லுவாள், கோவத்தில வாளால வெட்டினவன் எண்டு இன்னொருத்தி. கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் அப்பிடித்தான். எந்தக் கதை சரி எண்டு தங்களுக்குள்ள சண்டை பிடிப்பினம் பாருங்கோ, நீங்க தீர்ப்புச் சொல்லப் போகாதேங்கோ.


ரெண்டு பிள்ளை அப்பா எழுதினது:

குறை நினைக்கக் கூடாது டீச்சர், ஒரு பெற்றாரா சொல்லுறன். என்ட மூத்தவ அஞ்சாம் ஆண்டு, ஸ்கொலர்ஷிப் (புலமைப்பரிசில்) பரீட்சை வருசம். பள்ளிக்கூடம் விட்டு வந்து ரெண்டு மணிக்கு ட்யூஷன், ஆறு மணிக்கு வந்து திரும்ப பேப்பர் செய்யோணும். இதுக்குள்ள பூனைக் கதையும் பாயும் எண்டா நாங்கள் என்ன செய்யிறது? அந்த 40 நிமிசத்தில ஒரு மாதிரி வினாத்தாளாவது செய்விக்கலாம்தானே. அஞ்சாம் ஆண்டை மட்டுமாவது விட்டிடுங்கோ, மூண்டாம் நாலாம் ஆண்டோட நடத்துங்கோ. வெட்டுப்புள்ளி ரெண்டால விட்டா பிறகு வாசிப்பு வட்டமே வந்து எங்களுக்கு ஆறுதல் சொல்லப்போகுது?


தம்பலகாமத்து டீச்சரம்மா எழுதினது:

தம்பி, உங்கட பயம் எனக்கு விளங்குது, நானும் ஸ்கொலர்ஷிப் வகுப்பு எடுத்தனான். அந்த வினாத்தாளிலயும் ஒரு பந்தியைத் தந்து கேள்வி கேக்கிறாங்க, சின்னதா எழுதச் சொல்லுறாங்க. பந்தியை ஒருக்கா வாசிச்சு விளங்காத பிள்ளை அங்கதான் நேரத்தை விடுறது. ஆனா அதுக்காக வாசிக்கச் சொல்லி நான் கேக்கேல்ல. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து ரெண்டு மணிக்கு ட்யூஷன், ஆறு மணிக்குப் பிறகும் பேப்பர் எண்டு நீங்களே எழுதிப்போட்டீங்க. 35 நிமிசம் பாயில இருக்கட்டும் ராசா.


ரெண்டு பிள்ளை அப்பா எழுதினது:

சரி அம்மா, உங்களோட வாதாட ஏலாது. ஆனா ட்யூஷன் நாளில வட்டம் பிந்தினா வான் விட்டிடும், அதை மட்டும் டீச்சர் கவனியுங்கோ.


கிண்ணியா டீச்சர் எழுதினது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கட பக்கமும் இதே கதைதான் டீச்சர். நான் முதல்ல பள்ளிக்கூடம் முடிஞ்ச பொறகு வெச்சன், சரிவரல்ல, புள்ளைகள் பின்னேரம் மதரசாவுக்குப் போகணும், அதோட எங்கட பொம்பளப் புள்ளைகள் வீட்ட போனா தம்பி தங்கச்சியப் பாக்கிற வேலையும் இருக்கு. அதால இப்ப செவ்வாய்க்கிழமை இன்டர்வலுக்குப் பொறகு ஒரு பாடம். வெள்ளிக்கிழமை மட்டும் வெச்சிடாதீங்க, ஜும்ஆ நாள், எங்கட புள்ளைகள் உங்கட பள்ளியில இருந்தா கஷ்டப்படும்.

டீச்சரம்மா சொன்ன வீட்டுக் கதைய நானும் செஞ்சன், அதுல ஒண்டு சொல்லணும். ஒரு புள்ள தன்ட மூத்தம்மாக்கிட்டக் கேட்டு வந்து, "முந்தி மூத்தம்மா பாதையில ஏறித்தான் திருகோணமலைக்குப் போனவங்க, ஒரு நாள் பாதை நடுவுல நிண்டுட்டு" எண்டு சொல்லிச்சு. எல்லாப் புள்ளையும் முழிக்குது, பாதை எப்பிடி நிக்கும், பாதையில எப்பிடி ஏறுறது எண்டு. கிண்ணியாப் பாலம் 2009ல தொறந்தாச்சு, இந்தப் புள்ளைகள் எல்லாம் அதுக்குப் பொறகு பொறந்ததுகள், வாகனத்தையும் ஆக்களையும் ஏத்திக்கொண்டு கடல்ல போற அந்த மிதவைக்குப் பாதை எண்டு பேர் இருந்ததே தெரியா. நான் கரும்பலகையில கீறிக் காட்டினன். அந்தக் கெழம முழுக்க புள்ளைகள் வீட்ட போய் "வேற என்ன சொல்லெல்லாம் எங்களுக்குத் தெரியா" எண்டு கேட்டு வரத் தொடங்கிச்சுகள். ஒரு கொப்பியில எழுதி வெச்சிருக்கம், அதுதான் இப்ப எங்கட வட்டத்துல ஆகக் கூட வாசிக்கிற புத்தகம், அட்டையெல்லாம் எண்ணெய்.

எண்ணிக்கை கொறையுது எண்டு கவலப்படாதீங்க. 15 எண்டா ரெண்டு வட்டம் ஆகுமே, எனக்கு 12க்கு மேல வந்தா ரெண்டாப் பிரிச்சிடுவன், பெரிய வட்டத்துல நாலு பேர்தான் கதைக்கும்.


பனிக்குள்ள ஒரு கோணமலையான் எழுதினது:

நான் கனடாவில, சொந்த இடம் திருக்கடலூர். இங்க மகளின்ட வகுப்பில ஒரு முறை பாவிக்கினம், பிள்ளை ஒரு பக்கத்தை வாசிக்கேக்க தெரியாத சொல் வர வர ஒவ்வொரு விரலை மடக்கும், அஞ்சும் மடங்கினா அந்தப் புத்தகம் இப்போதைக்குப் பாரம் எண்டு வைச்சிட்டு வேற எடுக்கும். டீச்சர் சொல்லத் தேவையில்லை, பிள்ளையே தெரிஞ்செடுக்கும். உங்களுக்கு உதவுமோ தெரியாது. இங்க ஒரு பெட்டி நிறைய பிள்ளையளின்ட இங்கிலீஷ் புத்தகம் கிடக்கு, வேணுமெண்டா கப்பல்ல போட்டு விடுறன்.


நூலகத்து அக்கா எழுதினது:

விரல் மடக்கிறது நல்ல வழிதான் அண்ணா, ஆனா எங்கட சின்னப் பிள்ளையளின்ட படப்புத்தகத்தில ஒரு பக்கத்துக்கு ரெண்டு வரிதான் இருக்கும், அதில அஞ்சு சொல் தெரியாட்டி மிச்சம் என்ன இருக்கு? ரெண்டு விரலோட நிப்பாட்டுங்கோ. பெட்டியை அனுப்ப முதல் ஒருக்கா யோசியுங்கோ, இங்கிலீஷ் புத்தகம் கனக்க வந்து கனக்க இடத்தில கட்டு அவிழாமலே கிடக்கிறதை என்ட கண்ணால கண்டனான். அனுப்புற கூலிக்கு இங்க தமிழ்ப் புத்தகம் வாங்கலாம்.

உவர்மலைக்காரி தங்கச்சி, உங்கட மெயின் பிரச்சினை அலுமாரிப் பூட்டு, அந்தக் கணக்கெடுப்புப் பயம். நான் நூலகத்தில வேலை செய்யிறனான், அதால சொல்லுறன், பாவிச்சுக் கிழிஞ்ச புத்தகத்தைக் கணக்கெடுப்பில காட்டிக் கழிக்க வழி இருக்கு, அதிபரோட முன்கூட்டியே கதைச்சு ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. அதுக்குப் பயமெண்டா வீட்ட குடுக்கிறதுக்கு எண்டு வேற புத்தகம் செய்யுங்கோ. ஓம், செய்யுங்கோ எண்டுதான் சொல்லுறன்.

இந்தியாவில பிரதம் புக்ஸ் எண்டு ஒரு அமைப்பு ஸ்டோரிவீவர் எண்ட இணையத்தளம் 2015ல தொடங்கினது, தமிழில பிள்ளையள் கதை கனக்க இருக்கு, லேசில இருந்து கஷ்டம் வரைக்கும் நாலு படியாப் பிரிச்சிருப்பினம், காசில்லாம இறக்கி அச்செடுக்கலாம், எழுதினவை படம் கீறினவை பேரை மட்டும் எடுத்திடக் கூடாது. உங்கட நாலாம் ஆண்டுப் பிள்ளைக்கு முதல் படி சரியா இருக்கும். அது இந்தியத் தமிழ், நாற்காலி, ஜன்னல், தேங்காய்த் துருவல் எண்டெல்லாம் வரும். ஒராள் அதையெல்லாம் கதிரை, யன்னல், தேங்காய்ப்பூ எண்டு மாத்திப்போட்டுத்தான் குடுக்கோணும் எண்டு என்னோட வாதாடினவர், எனக்கு அதில உடன்பாடில்லை, பிள்ளையளே கண்டுபிடிக்கட்டும், அதே ஒரு விளையாட்டு. எங்கட பழைய சிறுவர் சஞ்சிகை, கதை தேடுறதெண்டா நூலகம் எண்ட எண்ணிம நூலகம் இருக்கு, 2005ல இருந்து இலங்கைத் தமிழ் நூல்களை ஸ்கேன் பண்ணிப் போடினம், அதுவும் காசில்லை. அங்க இருந்து எடுக்கிறதெண்டா நீங்க முதல்ல வாசிச்சுப் பாத்துத் தெரியுங்கோ, பழைய எழுத்து நெருக்கமா இருக்கும், சின்னனுகளுக்குக் கண் நோகும்.

அச்செடுத்த தாளை ஸ்டேப்ளர் அடிக்காதேங்கோ!! எங்கட கடல் காத்துக்கு ஒரு மழைக்காலம் போதும், பின் துருப்பிடிச்சு நடுப்பக்கம் எல்லாம் மண்ணிறமாப் போகும், பிறகு அந்தத் துரு பிள்ளையின்ட விரலைக் கீறும். தாளை நடுவில மடிச்சு, மடிப்பில மூண்டு ஓட்டை போட்டு, நடு ஓட்டையால ஊசியை விட்டு மேல போய், கீழ வந்து, திரும்ப நடுவுக்கு வந்து முடிச்சுப் போடுங்கோ. அஞ்சாம் ஆண்டுப் பிள்ளையளுக்கு ஒருக்காக் காட்டினா அதுகளே தைக்குங்கள். அட்டைக்குப் பழைய கலண்டர் தாள், அந்த மினுக்கப் பக்கம் வெளியில வரக்கூடியதா. கோதுமை மாப் பசை பூசினா கரப்பானுக்கு விருந்துதான், பைண்டிங் கம் வாங்கிப் பூசுங்கோ.

இதெல்லாம் ஒக்டோபருக்குக் காத்திருக்காம இப்பவே செய்யுங்கோ. வாசிப்பு மாதம் வந்தா பேச்சுப் போட்டி, பதாகை, அதிதி எண்டு ஓடித்திரிவம், அலுமாரி பூட்டினபடிதான் கிடக்கும்.


உவர்மலைக்காரி எழுதினது:

எல்லாருக்கும் கோடி நன்றி. இண்டைக்கு வியாழன், முதல் தடவையா நானே வாசிச்சன். டீச்சரம்மா சொன்ன மாதிரி பூனை கூரையில நிக்கேக்க மூடினன். சத்தமே இல்லை, எனக்கு ஒரு மணித்தியாலம் மாதிரி இருந்தது, வாய் துருதுருவெண்டு வந்தது அடக்கிக்கொண்டு இருந்தன். கடைசியில மூண்டாம் ஆண்டுச் சின்னன் ஒண்டு, "டீச்சர், பூனைக்கு இறங்க விருப்பமில்லாமலும் இருக்கலாம், கீழ நாய் நிக்குது படத்தில" எண்டுது. நான் அந்தக் கதையை எத்தினையோ தரம் வாசிச்சிருக்கிறன், மூலையில நாய் நிக்கிறதை நான் கண்டதே இல்லை. அதுக்குப் பிறகு மணி அடிக்கும் வரைக்கும் கதைச்சதுகள். வான் ஹோன் அடிச்சும் ரெண்டு பேர் எழும்பேல்ல (அண்ணா, உங்கட மகளா இருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ).

ஒரு கஷ்டமும் நடந்தது. வேப்பமரத்துக்குக் கீழ பாய் போட்டனாங்கள், போகேக்க ஒரு புத்தகம் விடுபட்டுப் போச்சு. திரும்பி ஓடி வந்து பாத்தா மான் ஒண்டு நிண்டு அட்டையைச் சப்பிக்கொண்டு நிக்குது. கோட்டைப் பக்கத்து மான்கள் டவுன் எல்லாம் திரியுறது தெரியும்தானே, கேற் திறந்து கிடந்திருக்கு. அட்டையும் முதல் நாலு பக்கமும் போச்சு. கணக்கெடுப்பில "மான் தின்றது" எண்டு எழுத ஏலுமோ அக்கா?


நூலகத்து அக்கா எழுதினது:

ஹா ஹா, சிரிச்சு முடியேல்ல. அப்பிடியே எழுதுங்கோ, திகதியும் போட்டு அதிபரின்ட கையெழுத்தும் வாங்குங்கோ, மிஞ்சின துண்டை எறியாம வைச்சிருங்கோ. உண்மையை எழுதினா ஆர் என்ன செய்யிறது. போன நாலு பக்கத்தையும் பிள்ளையளைக் கொண்டு எழுதிவிச்சுத் தைச்சு விடுங்கோ.


உவர்மலைக்காரி எழுதினது:

மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன், தவணைப் பரீட்சை வேலை. கேட்டவைக்குச் சொல்லுறன்.

பிள்ளையள் இப்ப 19, ரெண்டு வட்டம். அதிபர் ஒரு பெட்டி தந்தவா, தைச்ச புத்தகம் 9 அதுக்குள்ள இருக்கு, அது வீட்ட போய் வருது, அலுமாரிப் புத்தகம் பள்ளிக்குள்ளதான். ஸ்கொலர்ஷிப் பிள்ளையளில ரெண்டு பேரை வீட்டுக்காரர் மறிச்சிட்டினம், அதுக்கு ஒண்டும் செய்யேலாது.

நாலாம் ஆண்டுப் பிள்ளை ஒண்டாம் ஆண்டுக்கு வாசிக்கப் போனவள். பூனைக் கதைதான், மாதிரிக்கு நாங்களே பெரிய எழுத்தில எழுதித் தைச்சது. ஒரு கிழமை ஒத்திகை பாத்தவள், நான் யன்னலால எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டனான். நடுவில ஒரு பக்கத்தில "தாழ்வாரம்" எண்டு வருது, அந்தப் பக்கத்தை நைசா ரெண்டு தாளாச் சேத்துப் பிரட்டிப் போட்டாள். முன்னால இருந்த சின்னன் விடேல்ல. "அக்கா, பூனை இப்பதானே மதில்ல நிண்டது, எப்பிடிக் கூரைக்குப் போனது? ஒரு பக்கம் விட்டிட்டீங்க." இவள் முகம் சிவந்து போச்சு, திரும்பிப் பிரட்டி, தா... தாழ்... எண்டு நிண்டாள். உடன அந்தச் சின்னன் படத்தைத் தொட்டு, "இதா, மழைக்கு நாங்கள் நிக்கிற இடம்" எண்டுது. "ஓம், தாழ்வாரம்" எண்டு சொல்லிப்போட்டு மிச்சத்தை வாசிச்சு முடிச்சாள். வெளியில வந்து என்னட்டக் கேட்டது, "டீச்சர், அடுத்த கிழமை வேற புத்தகம் தருவீங்களா, இதுகளுக்கு இது பாடமாப் போச்சு."

இப்ப ஒண்டாம் ஆண்டு டீச்சர் செவ்வாயும் அனுப்பச் சொல்லுறா, 9 புத்தகம் காணாது, இன்னும் ஒரு பத்துப் புத்தகமாவது தைக்கோணும். முதல் தைச்சதில ரெண்டு நடு ஓட்டையில அறுந்து போச்சு. சட்டை தைக்கிற நூல்தான் பாவிச்சது. பட்டம் விடுற நூல் எடுத்தா சரியோ?


நூலகத்து அக்கா எழுதினது:

பட்டத்து நூல் வேண்டாம், தாளை வெட்டிப்போடும். சட்டை நூலையே ரெண்டு பட்டா எடுத்து, தைக்க முதல் மெழுகுதிரியில ரெண்டு மூண்டு தரம் இழுத்துப்போட்டுத் தையுங்கோ. நடு ஓட்டையைப் பெரிய ஊசியால குத்தாதேங்கோ, அதாலதான் அறுக்குது.